ரெயில் போன பாதையில் சைக்கிள்!

இங்கிலாந்தின் வடக்கே, கடல் முதல் கடல் வரை 140 மைல் பயணம்

இங்கிலாந்து நாட்டின் மேற்குக் கரையில் வொயிட்ஹேவன் என்று ஒரு சிறிய துறைமுகம் இருக்கிறது. கோடை காலத்தில், காலை நேரத்தில், அங்கே ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம்.

படகு இறக்கும் சரிவு வழியாகச் சிலர் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடலுக்கு வருவார்கள். பின்சக்கரத்தைத் தண்ணீருக்குள் தள்ளுவார்கள். அது நனைந்ததும் வெளியே இழுப்பார்கள். துணைக்கு வந்தவர் ஒரு படம் எடுப்பார். அவ்வளவுதான். சைக்கிளில் ஏறி, கடலுக்கு முதுகைக் காட்டி, கிழக்கே புறப்பட்டுவிடுவார்கள்.

பின்சக்கரம் நனைந்துவிட்டது. முன்சக்கரம்?

அதற்கு 3 நாள் அல்லது 4 நாள் ஆகும். நாட்டின் மறு கரையில், இன்னொரு கடலில்தான் அது நனையும்!

இந்தப் பாதைக்குப் பெயரே "கடல் முதல் கடல் வரை" என்பதுதான். மேற்கே ஐரிஷ் கடல். கிழக்கே வடகடல். நடுவே ஏரிகள், ஆடு மேயும் குன்றுகள், காற்று வீசும் மொட்டை மலைகள். 1994-ம் ஆண்டில் இந்தப் பாதை திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் இதில் போகிறார்கள். பந்தயக்காரர்கள் மட்டும் அல்ல. கணவன்-மனைவி வருகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர் வருகிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்களும் வருகிறார்கள்.

மேற்கிலிருந்து கிழக்கே போவதுதான் வழக்கம். காரணம் காற்று. அந்த நாட்டில் பெரும்பாலும் காற்று மேற்கிலிருந்து வீசும். எதிர்காற்று என்றால் என்ன என்று சைக்கிள் மிதித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியது இல்லை. அது கண்ணுக்குத் தெரியாத மேடு! முதுகில் காற்று இருந்தால், யாரோ பின்னால் நின்று தள்ளிவிடுவது போல இருக்கும்.

கடலுக்கு அடியில் வேலை

வொயிட்ஹேவன் இன்று அமைதியான ஊர். ஒரு காலத்தில் அது நிலக்கரி ஊர். சுரங்கங்கள் கரையில் தொடங்கி, கடலுக்கு அடியில் மைல் கணக்கில் போயின. தலைக்கு மேலே கடல். கீழே இருட்டு. தகப்பன் பார்த்த அந்த வேலையை மகனும் பார்த்தான்.

1910-ம் ஆண்டு மே மாதம் வெலிங்டன் சுரங்கத்தில் விபத்து நடந்தது. 136 பேர் மாண்டார்கள்.

1947-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது சுதந்திரம். ஊருக்கு ஊர் கொடி ஏற்றி இனிப்பு வழங்கிய நாள். அதே நாள் மாலை வொயிட்ஹேவனில் வில்லியம் சுரங்கம் வெடித்தது. 104 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். இங்கே தெருவுக்குத் தெரு விளக்கு. அங்கே தெருவுக்குத் தெரு அழுகை.

ஊரின் கடைசிச் சுரங்கம் 1986-ல் மூடப்பட்டது.

சைக்கிள் பயணத்தைப் பற்றிச் சொல்லும்போது சுரங்கக் கதை எதற்கு என்று கேட்கலாம். சைக்கிள் போகும் பாதையே சுரங்கம் போட்ட பாதைதான்! ஊரைத் தாண்டியதும் பயணி ஏறுவது ஒரு பழைய ரெயில் தடம். சிவப்பு நிறமான இரும்புத் தாதுவையும், நிலக்கரியையும், சுண்ணாம்புக் கல்லையும் அந்தக் காலத்தில் ரெயில்கள் சுமந்து போன வழி அது. தாது எடுப்பது நின்றது. ரெயில் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்தார்கள். வெறும் மண் தடம் புதர் மண்டிக் கிடந்தது.

ரெயில் மேடு ஏறாது

பழைய ரெயில் தடத்தில் சைக்கிள் ஓட்டுவதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது.

இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம். இரண்டும் வழுவழுப்பு. செங்குத்தான மேட்டில் ரெயில் சக்கரம் வழுக்கும். அதனால் ரெயில் பாதை போடுகிற என்ஜினீயர்கள் மேட்டை வெட்டுவார்கள். பள்ளத்தை நிரப்புவார்கள். ஆற்றுக்குப் பாலம் போடுவார்கள். மலையைச் சுற்றிக்கொண்டு மெல்ல மெல்ல ஏறுவார்கள். 60 அடி, 70 அடி போனால்தான் 1 அடி ஏறும்படி பார்த்துக்கொள்வார்கள்.

நிலக்கரிக்காகச் செய்த அந்த வேலை, இன்று பத்து வயதுப் பிள்ளையின் காலுக்குச் சுகமாக இருக்கிறது.

இங்கிலாந்தில் 1960-களில் ரெயில் பாதைகள் பெருமளவில் மூடப்பட்டன. 1963-ல் பீச்சிங் என்பவர் சர்க்காருக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். நஷ்டத்தில் ஓடும் பாதைகளை மூடலாம் என்றார். 2,363 ரெயில் நிலையங்களின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தது! எல்லாம் மூடப்படவில்லை. ஆனால் ஏராளமான ஊர்களுக்கு ரெயில் இல்லாமல் போனது.

1977-ல் பிரிஸ்டல் என்ற நகரத்தில் சைக்கிள் பிரியர்கள் சிலர் ஒன்று சேர்ந்தார்கள். ஜான் கிரிம்ஷா என்ற என்ஜினீயர் அவர்களுக்கு முன்னால் நின்றார். "சும்மா கிடக்கும் தடத்தைச் சைக்கிளுக்குக் கொடுங்கள்" என்று கேட்டார்கள். கேட்டதோடு நிற்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தாங்களே இறங்கினார்கள். பிரிஸ்டலுக்கும் பாத் நகருக்கும் இடையே மூடிக் கிடந்த ரெயில் தடத்தைச் சைக்கிள் பாதை ஆக்கினார்கள். அந்த இயக்கம் வளர்ந்து, சஸ்ட்ரான்ஸ் என்ற பெயரில் நாடு முழுவதும் பாதை போட்டது. கடல் முதல் கடல் வரை போகும் பாதையும் அதன் கைவண்ணம்தான்.

முதல் மேடு

ரெயில் தடம் கடைசி வரை வராது. 10 மைல் போவதற்குள் அது முடிந்துவிடும். அப்புறம் கிராமத்துச் சாலை. இரண்டு பக்கமும் கல் சுவர்கள். சுண்ணாம்பும் இல்லை, சிமெண்டும் இல்லை. கல் மேல் கல்லை அடுக்கி வைத்த சுவர்கள். நூறு இருநூறு ஆண்டுகளாக அப்படியே நிற்கின்றன. சுவருக்கு அப்பால் ஹெர்ட்விக் என்ற மலை ஆடுகள் மேயும். குட்டி பிறக்கும்போது கருப்பாக இருக்கும். வளர வளரச் சாம்பல் நிறமாக மாறிவிடும்.

வின்லாட்டர் கணவாய்தான் முதல் சோதனை. உயரம் 1,000 அடிக்குச் சற்று அதிகம். காட்டு வழியாக ஏற வேண்டும்.

இங்கேதான் கியர் வேலை செய்கிறது. சாதாரண சைக்கிளில் பெடலை ஒரு சுற்று மிதித்தால், பின்சக்கரம் இரண்டரைச் சுற்றுப் போல ஓடும். சமதரையில் அது நல்லது. மேட்டில் கால் கழன்றுவிடும். கியர் சைக்கிளில், முன்னால் சிறிய பல்சக்கரத்துக்கும் பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கும் செயினை மாற்றிவிடலாம். அப்போது பெடல் ஒரு சுற்று, பின்சக்கரமும் ஒரே சுற்று. ஒரு சுற்றுக்கு 7 அடிதான் நகரும். மெதுவாகத்தான் போகும். ஆனால் மூச்சு நிற்காது.

அதுவும் முடியவில்லையா? இறங்கித் தள்ள வேண்டியதுதான். இந்தப் பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது வெட்கம் அல்ல. பாதிப் பேர் எங்கேயாவது ஓர் இடத்தில் தள்ளத்தான் செய்கிறார்கள்.

மேட்டைக் கடந்தால் ஒரே இறக்கம். அடிவாரத்தில் ஏரி. ஏரிக்கரையில் கெசிக் என்ற ஊர். வொயிட்ஹேவனிலிருந்து சுமார் 30 மைல். பெரும்பாலோர் முதல் நாள் இரவு இங்கே தங்குகிறார்கள்.

பென்சில் பிறந்த கதை

கெசிக் ஊரைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துவது சுலபம். பென்சில் ஊர்!

பக்கத்தில் இருக்கும் பாரோடேல் மலையில் 16-ம் நூற்றாண்டில் கரிய நிறமான ஒரு பொருள் அகப்பட்டது. கையில் தொட்டால் கருப்பு ஒட்டும். ஆட்டு இடையர்கள் அதை எடுத்து, தங்கள் ஆடுகளின் மேல் அடையாளக் கோடு போட்டார்கள். அதுதான் பென்சிலுக்குள் இருக்கும் கிராபைட். பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுகளுக்கும் அது தேவைப்பட்டது. விலை ஏறியது. திருட்டும் பெருகியது. அதைத் திருடினால் கடும் தண்டனை என்று 1752-ல் பாராளுமன்றத்தில் சட்டமே போட்டார்கள்.

1832 முதல் கெசிக்கில் பென்சில் தொழிற்சாலை நடந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, விமானப் படை வீரர்களுக்காக ஒரு தந்திரப் பென்சில் அங்கே செய்யப்பட்டது. அதற்குள் சுருட்டிய வரைபடமும் சின்னஞ்சிறு திசைகாட்டியும் இருந்தன. எதிரி நாட்டில் விழுந்தால் வழி கண்டுபிடித்துத் தப்பி வரலாம் அல்லவா?

தொழிற்சாலை 2008-ல் வேறு ஊருக்குப் போய்விட்டது. கெசிக்கில் இருப்பது பென்சில் காட்சிசாலை.

கிராபைட் கிடைத்த இடத்துக்குப் பக்கத்தில் சீத்வெயிட் என்று ஒரு குக்கிராமம். இங்கிலாந்தில் மக்கள் வசிக்கும் இடங்களிலேயே மழை அதிகம் பெய்யும் இடம் அதுதான். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. எனவே மழைக்கோட்டு இல்லாமல் இந்தப் பக்கம் சைக்கிளில் வருகிறவரைப் பார்த்து உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

மழை சிரிப்புக்கு மட்டும் உரியது அல்ல. 2015 டிசம்பரில் வந்த புயல் மழையில், கெசிக்கிலிருந்து கிழக்கே போகும் பழைய ரெயில் தடம் உடைந்தது. கிரேட்டா ஆற்றின் மேல் இருந்த இரண்டு பாலங்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஊர் மக்கள் விடவில்லை. பணம் திரட்டினார்கள். மனுக் கொடுத்தார்கள். 5 ஆண்டு கழித்து, 2020 டிசம்பரில் பாதை மறுபடியும் திறந்தது. மூடிப்போன ஒரு ரெயில் தடத்துக்காக ஓர் ஊரே 5 ஆண்டு காத்திருந்தது என்றால், அது வெறும் உல்லாசப் பாதை அல்ல என்பது தெரிகிறது.

எண்ண முடியாத கற்கள்

இரண்டாவது நாள் சற்றுச் சுகம். பென்ரித் என்ற ஊரில் செந்நிறக் கல் வீடுகளைப் பார்க்கலாம். அப்பால் ஈடன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. வயலும் தோப்புமாக இருக்கும்.

இங்கே பாதைக்கு அருகே ஒரு வயலில் பெரிய பெரிய கற்கள் வட்டமாக நிற்கின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் நட்டவை. வட்டத்துக்கு வெளியே தனியாக 12 அடி உயரத்தில் ஒரு கல். அதற்கு "நெட்டை மெக்" என்று பெயர். மற்றவை அவளுடைய மகள்களாம்! சூனியக்காரிகள் சாபத்தால் கல்லானார்கள் என்பது கதை. இரண்டு முறை எண்ணி ஒரே எண்ணிக்கை வந்தால் சாபம் நீங்கிவிடும் என்றும் சொல்கிறார்கள். பிள்ளைகளோடு வருகிறவர்கள் இங்கே அரை மணி நேரத்தை ஒதுக்கி வைப்பது நல்லது. எண்ணாமல் நகரமாட்டார்கள்.

மலையில் ஒரு பேய்க் காற்று

மூன்றாவது நாள்தான் உண்மையான மலை. பென்னைன் மலைத்தொடருக்கு "இங்கிலாந்தின் முதுகெலும்பு" என்று பெயர். அதைக் குறுக்கே தாண்ட வேண்டும்.

ஹார்ட்சைடு மேடு 1,900 அடி உயரம். வளைந்து வளைந்து ஏறும். மரம் இல்லை. நிழல் இல்லை. ஒதுங்க இடம் இல்லை.

காற்று மேற்கிலிருந்து வந்து முதுகில் தள்ளும் என்று முன்பே பார்த்தோம். இந்த மலையில் மட்டும் அந்தக் கணக்குத் தப்பும். ஹெல்ம் காற்று என்று ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் தனக்கென்று சொந்தப் பெயர் வைத்துக்கொண்ட காற்று இது ஒன்றுதான். வடகிழக்கிலிருந்து வரும் காற்று மலை உச்சியைத் தாண்டியதும், மேற்குச் சரிவில் அருவி போலக் கீழே பாயும். உச்சியில் தொப்பி வைத்தது போல மேகம் உட்கார்ந்தால், உள்ளூர்க்காரர்களுக்கு விஷயம் புரிந்துவிடும். அன்று மேடு ஏறுகிற சைக்கிள்காரர் பாடு திண்டாட்டம். இறங்கித் தள்ளினால்கூடச் சைக்கிள் பின்னால் போகப் பார்க்கும்!

உச்சியில் ஒரு சிற்றுண்டிக் கடை இருந்தது. ஏறி வருகிறவர்களுக்கு அந்தச் சூடான தேநீர்தான் பரிசு. 2018 மார்ச்சு மாதம் அது தீக்கு இரையானது. ஆனாலும் தெளிவான நாளில் உச்சியிலிருந்து பார்த்தால், வந்த வழி எல்லாம் தெரியும். தூரத்தில் ஸ்காட்லாந்து மலைகளும் தெரியும்.

மலைக்கு அப்பால் நென்ட்ஹெட் என்ற கிராமம். ஏறக்குறைய 1,400 அடி உயரத்தில் இருக்கிறது. ஈயம் எடுப்பதற்காகவே உண்டான ஊர். "லண்டன் ஈயக் கம்பெனி" என்ற நிறுவனம் இதைக் கட்டியது. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் அதை நடத்தினார்கள். சுரங்கத்தோடு வீடும் கட்டினார்கள். பள்ளிக்கூடம் கட்டினார்கள். தொழிலாளர் படிப்பதற்காகப் படிப்பகமும் வைத்தார்கள். மண் அப்பிய உடையோடு மேலே வந்த தொழிலாளி, மாலையில் புத்தகத்தோடு உட்கார்ந்தான்.

ஆனால் ஈயத் தூசியும் கல் தூசியும் நுரையீரலை அரித்தன. பலர் 50 வயதைப் பார்க்கவில்லை. பிறகு ஸ்பெயின் போன்ற நாடுகளிலிருந்து மலிவான ஈயம் வந்து குவிந்தது. விலை விழுந்தது. 1882-ல் கம்பெனி இங்கிருந்த சுரங்கங்களை விற்றுவிட்டுப் போனது. குடும்பம் குடும்பமாக ஜனங்கள் ஊரை விட்டார்கள்.

இந்த மாதிரி ஊர்களில்தான் சைக்கிள் பாதையின் அருமை தெரிகிறது. பயணி பசியோடு வருகிறான். நனைந்து வருகிறான். அவனுக்குப் படுக்கை வேண்டும். சோறு வேண்டும். ஈரத் துணியை உலர்த்த அடுப்பு வேண்டும். ஒரு வீட்டில் மேல்மாடி அறையை வாடகைக்கு விடுகிறார்கள். ஒருவர் பஞ்சர் ஒட்டுகிறார். இன்னொருவர் வேன் வைத்திருக்கிறார். பயணிகளின் மூட்டையைக் காலையில் வாங்கி, மாலையில் அடுத்த ஊரில் சேர்க்கிறார். மலை ஏறுகிறவர் முதுகில் பாரம் இல்லாமல் ஏறலாம்.

நென்ட்ஹெட்டுக்கு மேலே கரும்மலை. 1,998 அடி. முழுப் பயணத்தில் இதுதான் மிக உயரமான இடம். இன்னும் 2 அடி இருந்தால் 2,000 ஆகியிருக்கும்!

3,700 பேர் வேலை

கடைசி நாள் காலையில் ஸ்டானப் ஊரைத் தாண்டியதும் ஒரு மேடு. 6 அடி போனால் 1 அடி ஏறும் அளவுக்குச் செங்குத்து. பயணிகள் இதைத்தான் அதிகம் திட்டுகிறார்கள். அதை ஏறி முடித்தால் மறுபடியும் ரெயில் தடம். 1834-ல் போட்ட தடம் அது. அங்கிருந்து கடல் வரை பெரும்பாலும் இறக்கம்தான். பிரேக்கை மட்டும் கவனமாகப் பிடிக்க வேண்டும். ஒரே பிடியாக அழுத்தினால் பிரேக் கட்டை சூடேறித் தேய்ந்துவிடும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும்.

வழியில் ஹவுன்ஸ்கில் பாலம். 1858-ல் கட்டியது. 12 வளைவுகள். 150 அடிக்கு மேல் ஆழமான பள்ளத்தாக்கைத் தாண்டுகிறது. கட்டியவர் தாமஸ் பவுச். கெசிக் ரெயில் பாதையைப் போட்டவரும் இவர்தான். இதே பவுச், ஸ்காட்லாந்தில் டே ஆற்றின் மேல் ஒரு நீண்ட பாலம் கட்டினார். 1879 டிசம்பர் 28-ந் தேதி இரவு, புயலில் அந்தப் பாலம் ரெயிலோடு ஆற்றில் விழுந்தது. ரெயிலில் இருந்த ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டே பவுச்சும் இறந்துபோனார். அவர் பெயர் கெட்ட பெயராகிவிட்டது. ஆனால் ஹவுன்ஸ்கில் பாலம் இன்றும் அசையாமல் நிற்கிறது. ரெயில் போவது நின்று, சைக்கிள்கள் போகின்றன.

பாலத்தைத் தாண்டியதும் கான்செட்.

1840 முதல் 140 ஆண்டுகள் இந்த ஊரில் இரும்பும் உருக்கும் காய்ச்சினார்கள். ஊரே சிவப்பாக இருக்கும். கூரை மேல் செம்புழுதி. ஜன்னலில் செம்புழுதி. கொடியில் காயும் வெள்ளைத் துணியிலும் செம்புழுதி. பெண்கள் அதைத் திட்டிக்கொண்டே துவைத்தார்கள். ஆனால் அந்தப் புழுதிதான் அடுப்பை எரிய வைத்தது.

1980 செப்டம்பர் 12-ந் தேதி ஆலை மூடப்பட்டது. 3,700 பேருக்கு ஒரேயடியாக வேலை போனது. தொழிலாளர்கள் லண்டன் வரை போய்ப் போராடியும் பலன் இல்லை. உலைகளை இடித்துத் தள்ளினார்கள். அந்த இடத்தில் புல் முளைத்தது. வானம் வெளுத்தது. துணியும் வெளுத்தது. வீட்டில் சம்பளம் இல்லை.

இன்று சைக்கிள் பாதை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. பாதை ஓரத்தில் ஆள் உயரத்தைவிடப் பெரிய இரும்பு மனிதர்கள் நிற்கிறார்கள். பழைய மின்சார டிரான்ஸ்பார்மர்களை வெட்டிச் செய்த சிலைகள். ஒருவன் சுரங்கத் தொழிலாளி. இன்னொருவன் இரும்பு ஆலைக்காரன். பயணிகள் அவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

சைக்கிள்காரர் வாங்கும் ரொட்டியும் தேநீரும் 3,700 பேர் சம்பளத்துக்கு ஈடாகுமா? ஆகாது. கிட்டக்கூட வராது. சுற்றுலா வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுகிறவர்கள் கான்செட்டுக்கு வந்து ஒரு நாள் தங்கிப் பார்க்க வேண்டும். மலைமேல் 50 வீடு உள்ள கிராமத்துக்கு இந்தப் பாதை உயிர் கொடுக்கலாம். ஓர் ஆலை நகரத்துக்கு அது போதாது. ஆனால், வேலைக்குப் போகிறவன் போன தடத்தில் அவன் பேரன் காலையில் சைக்கிள் ஓட்டிப் பள்ளிக்கூடம் போகிறான். அதுவும் உண்மைதான்.

வடகடல்

அதன் பிறகு இறக்கத்தில் சைக்கிள் தானாக ஓடும். ஊர்கள் நெருங்கும். சத்தம் கூடும். வியர் ஆற்றங்கரை வந்ததும் சண்டர்லாந்து நகரம் தொடங்கிவிடும்.

ஒரு காலத்தில் கப்பல் கட்டுவதில் உலகப் பெயர் எடுத்த ஊர் இது. கடைசிக் கப்பல் பட்டறை 1988-ல் மூடப்பட்டது. ஆற்றங்கரையில் இருந்த மங்க்வேர்மவுத் நிலக்கரிச் சுரங்கம் 1993 டிசம்பரில் மூடப்பட்டது. மறு ஆண்டுதான் சைக்கிள் பாதை திறந்தது. சுரங்கம் இருந்த இடத்தில் 1997-ல் கால்பந்து மைதானம் வந்தது. அதன் வாசலில் சுரங்கத் தொழிலாளியின் கைவிளக்கைப் பெரிதாகச் செய்து வைத்திருக்கிறார்கள். பயணி அதைப் பார்த்துக்கொண்டே கடற்கரைக்குப் போகிறான்.

ரோக்கர் கடற்கரையில் மணல். டயர் புதையும். இறங்கித் தள்ள வேண்டும். அலை வந்து முன்சக்கரத்தைத் தொடும்போது சிலர் கைதட்டுவார்கள். சிலர் அப்படியே ஈர மணலில் உட்கார்ந்துவிடுவார்கள். கூட வந்த பிள்ளை, செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் ஓடும். 140 மைல் மிதித்த களைப்பு அதற்கு மட்டும் எங்கே போனதோ!

வீட்டுக்குத் திரும்ப ரெயில் இருக்கிறது. நியூகாசில், கார்லைல் வழியாக மறுபடியும் வொயிட்ஹேவன் போகலாம். ஒரு ரெயிலில் சில சைக்கிள்களுக்கே இடம். முந்திப் போகிறவருக்கு இடம் கிடைக்கும். ஆகவே மணலைத் தட்டிவிட்டு, நேரத்தோடு ஸ்டேஷனுக்குப் புறப்பட வேண்டும்.